தாள்களுக்கு அயன் போட்டவர்

முதல் நாள் அவர் என் கையில் தந்த தாள் சூடாக இருந்தது.

அது வாடகை ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டவுடன் பழக்கத்தில் அதை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். கையை நீட்டித் திருப்பி வாங்கினார். குசினி மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, தாளை அதன்மேல் கிடத்தி, இன்னொரு துணியால் மூடி, ஆவி வராத பழைய அயன்பெட்டியால் மெல்ல அழுத்தினார். மடிப்பெல்லாம் போய்விட்டது.

"மடிக்காதே, மிஸ்யூ. மடித்த இடத்தில்தான் எழுத்து முதலில் அழியும்" என்றார்.

கீழே வந்து மனைவியிடம் சொன்னேன். "மேல்வீட்டு மனிசிக்கு என்னமோ கழண்டுபோய்க் கிடக்கு, புள்ள. காயிதத்துக்கு அயன் போடுது."

"உங்கட சட்டைக்கு நான் போடல்ல எண்டு குத்திக் காட்டுறீங்களா?"

கனடாவின் பிரெஞ்சு பேசும் நகரமொன்றில், செயின்ட்-மிஷேலில் இரண்டு தட்டு வீடு அது. மேலே அவர், கீழே நாங்கள். அவர் போலந்துக்காரர். நாங்கள் மடாம் என்றுதான் கூப்பிட்டோம். அவர் எனக்கு மிஸ்யூ என்றார். ஆறு வருடத்தில் இருவரும் அதைத் தாண்டிப் போகவில்லை. அவருடைய பிரெஞ்சில் நாற்பது வருடமாகியும் போலந்து விட்டுப்போகவில்லை. என்னுடையது ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கியபடி பொறுக்கியது. இங்கே தமிழில் எழுதும்போது இரண்டு பேரும் ஒழுங்காகக் கதைத்த மாதிரித் தெரியும். அப்படி இல்லை. பாதியைக் கையால்தான் கதைத்தோம்.

அவர் எந்தத் தாளையும் எறிந்தது கிடையாது. வீடு முழுக்க இழுத்துத் திறக்கும் லாச்சிகள். ஒரு லாச்சியில் மின்சாரக் கட்டணம், அவர் இந்த நாட்டுக்கு வந்த வருடத்திலிருந்து. இன்னொன்றில், இருபது வருடத்துக்கு முன் எரிந்துபோன பாண் சுடும் இயந்திரத்துக்கான விளக்கத்தாள். "இயந்திரம்தான் இல்லையே, மடாம்" என்றேன். "அதனால்தான் தாள் வேண்டும். இல்லாவிட்டால் அப்படி ஒன்று இருந்ததென்று யார் நம்புவார்கள்?" என்றார்.

எதையாவது தேடிக் கிடைக்காவிட்டால் அவர் பதற்றப்படுவதில்லை. இடுப்பில் கை வைத்து நின்று ஒன்றையே சொல்வார்: "எங்கேயோ ஒரு தாள் இருக்கும்." என் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காலுறையைக் காணாவிட்டாலும், "எங்கேயோ ஒரு தாள் இருக்கும்" என்று அவர் குரலில் சொல்லிச் சிரிப்பார்கள்.

எனக்குத் தாள் என்றால் பயம். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது மட்டும் காரணமல்ல. மட்டக்களப்புப் பக்கம் நான் வளர்ந்த காலத்தில் வீட்டுக்குள் ஒரு துண்டுத்தாள் கிடந்தாலும் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். யாராவது வருகிறார்கள் என்றால் அம்மா முதலில் அடுப்பைத்தான் பார்ப்பார், எரிகிறதா என்று. கடிதம், படம், கொப்பி எல்லாம் அதற்குள் போகும். அந்தப் பழக்கம் இங்கும் வந்தது. மண்ணிற உறையில் ஏதாவது வந்தால் மூன்று நாள் குளிர்ப்பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சுற்றிச்சுற்றி வருவேன். வேலைக்குப் போய்ப் பாதி வழியில், உறை கீழே விழுந்து யாராவது மிதித்திருப்பார்களோ என்று யோசிப்பேன். நான்காம் நாள் மேலே கொண்டுபோவேன்.

அவர் பின்னல் ஊசியால் உறையைக் கிழிப்பார். வாசிப்பார். "மிஸ்யூ, இது தண்ணீர்க் குழாய் கழுவப்போகிறார்களாம், செவ்வாய்க்கிழமை. அதற்கு இந்த முகமா?"

"வேற ஒண்டும் இல்லையா?"

"வேண்டுமென்றால் நான் ஒன்று சேர்த்து எழுதட்டுமா?"

அவருடைய தபால்பெட்டி கீழே, வெளிப்படிக்கட்டின் அடியில் இருந்தது. இந்த நகரத்து வீடுகளின் படிக்கட்டு வெளியே வளைந்து ஏறும். பனிக்காலத்தில் அது கண்ணாடி. அவருக்கு முழங்கால் சரியில்லை. ஆகவே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை படியில் உறைபனி உருக உப்புத் தூவுவதும் தபாலை மேலே ஏற்றுவதும் என் வேலையாகிவிட்டது. எனக்கு வந்தால் தொடப் பயந்த உறைகளை அவருக்காகத் தினமும் எடுத்துப்போனேன். அப்படித்தான் அவருடைய தகப்பனின் கதைக்குள் நான் மாட்டிக்கொண்டேன்.

தகப்பன் இரண்டாம் உலக யுத்தத்தில் படையில் இருந்தவர். எந்தப் படை, எங்கே, எவ்வளவு காலம் என்று எதுவும் மடாமுக்குத் தெரியாது. அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது வீட்டிலிருந்து போனவர். யுத்தம் முடிந்து தனியாகக் கப்பலேறிக் கனடா வந்து, வடக்கே சுரங்கத்தில் வேலை செய்து, பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு மகனும் இங்கே பிறந்தான். மனிதர் யுத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாராவது கேட்டால் மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பனி அள்ளுவாராம். தங்கள் வாசலில் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டு வாசலில்.

"கோடையில் கேட்டால் என்ன செய்வார்?"

"கோடையில் கேட்கமாட்டோம்" என்றார் மடாம். "பாவம், எங்கே போவார்?"

போலந்துக்காரரின் தேவாலயத்தை ஒட்டி ஒரு மண்டபம் இருந்தது. அதன் ஒரு சுவர் முழுக்கப் படங்கள், யுத்தத்தில் நின்ற தகப்பன்மார், பாட்டன்மார். ஒவ்வொரு நவம்பரிலும் புதிய படங்களை ஏற்றுவார்கள். தன் தகப்பனின் படமும் அந்தச் சுவரில் இருக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அவர் என்னிடம் வெளிப்படையாகக் கேட்ட ஒரே உதவியும் அதுதான்: படத்தைத் தூக்கிக்கொண்டு கூட வரவேண்டும்.

தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுபோனோம். இன்று அந்தப் படம் அந்தச் சுவரில் இருக்கிறது. ஆணி அடிக்கும்போது பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். ஆனால் அதைப் பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை. என்னால்தான் பார்க்கவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்த முதல் நவம்பரில் மண்டபத்துக் காரியதரிசி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீருடையில் ஒரு இளைஞன், தொப்பி இல்லை. தோளுக்குக் கீழே படம் கத்தரிக்கப்பட்டிருந்தது. சின்னம் இருக்கவேண்டிய இடம் இல்லை.

"தாள் இருக்கிறதா, மடாம்?" என்று கேட்டார். படைப் பதிவின் பிரதி வேண்டுமாம். அது எல்லாருக்கும் உள்ள விதிதான், அவர் மரியாதையாகவே சொன்னார். ஆனால் பக்கத்துக் கதிரையில் ஊன்றுகோலோடு இருந்த ஒரு வயதானவர் போலந்து மொழியில் ஏதோ கேட்டார். இரண்டு மூன்று பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். மடாம் படத்தைத் தலையணை உறைக்குள் திருப்பி வைத்தார்.

பேருந்தில்தான் எனக்குச் சொன்னார். "என் அப்பா எந்தத் தொப்பி போட்டிருந்தார் என்று கேட்டார். ஜெர்மன்காரன் தொப்பியா என்று."

அவர் உறையை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தார். "முப்பது வருடமாக மண்ணுக்குள் இருக்கிறவரிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள், மிஸ்யூ. பரவாயில்லை. எங்கேயோ ஒரு தாள் இருக்கும்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கத்தரித்த படம் எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மூன்று பேராக நின்று எடுத்த படத்தில் இரண்டு பேர் நின்றோம். என் தோளில் மட்டும் மூன்றாவது ஆளின் நான்கு விரல்கள் மிச்சம்.

என் தம்பி. பதினேழு வயதில் அவனை, சண்டை பிடித்தவர்களில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனது. ஒரு வருடம் கழித்து மறுபக்கத்துச் சட்டையோடு சந்தியில் நின்றான். பெயரையும் மாற்றியிருந்தான். ஒருநாள் அம்மா சந்தைக்குப் போகும்போது அவனே மறித்து, "அடையாள அட்டையை எடு, கிழவி" என்று அதட்டினானாம். அம்மா வீட்டுக்கு வந்து, மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ட புள்ள என்னைத் தெரியாத மாதிரிக் கதைச்சிட்டான். ஆண்டவனே, அவனுக்கு அறிவு வந்திட்டு" என்று சொன்னார். அழுதபடியே சொன்னார். அவனுக்கு எங்களைத் தெரியும் என்று வெளியில் தெரிந்தால் அவன் விட்டுவந்த பக்கம் எங்களைத்தான் பிடிக்கும். பிறகு அவன் இல்லாமல் போனான். எங்கே, எந்தப் பெயரில் என்று தெரியாது.

நான் இங்கே வந்து அகதி விண்ணப்பம் எழுதியபோது உதவி செய்த யாழ்ப்பாணத்து அண்ணை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, அவனைப் பற்றி எழுதினா நூறு கேள்வி வரும். சகோதரம் ஒருத்தரும் இல்லை எண்டு போடுவம். பேந்து பாப்பம்." நான் தலையாட்டினேன். ஒருவரும் இல்லை. அதற்குக் கீழே என் கையெழுத்து.

மடாம் இங்கிலாந்துக்கு எழுதினார். அந்த யுத்தத்தில் ஆங்கிலேயரோடு சேர்ந்து நின்ற போலந்துப் படையின் பழைய பதிவுகள் அங்கே ஓர் அலுவலகத்தில் இருக்கின்றன. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கேட்டால் பிரதி தருவார்கள். பெயர், பிறந்த திகதி, ஊர் எழுதி அனுப்பவேண்டும். கடிதம் போன அன்று அவர் சந்தோஷமாக இருந்தார்.

"படையில் சேரும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவார்களாம், மிஸ்யூ. செத்தால் யாருக்கு அறிவிப்பது என்று. அந்த இடத்தில் என் பெயர் இருக்கும்." தன் நெஞ்சில் விரலால் தட்டினார். "சுவர் ஒரு பக்கம். எனக்கு அந்த ஒரு வரி போதும். நாலு வயதில் விட்டுவிட்டுப் போன மனிதர் எங்களை நினைத்தாரா இல்லையா என்று."

மாதங்கள் போய்ப் பதில் வந்தது. அப்படி ஒருவர் பதிவில் இல்லை. அவர் அந்தத் தாளுக்கும் அயன் போட்டார். "பார், இல்லை என்று சொல்லவும் நல்ல தாளில் எழுதியிருக்கிறார்கள்" என்றார். பிறகு ஒரு பட்டியல் எழுதிக் குளிர்ப்பெட்டியில் காந்தத்தால் ஒட்டினார், ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான காரணங்கள். ஒன்று: பெயரின் எழுத்துப் பிழை. இரண்டு: பிறந்த திகதி. மூன்று: ஊரின் பெயர். ஒவ்வொன்றையும் மாற்றி எழுதிக் கேட்பார். இல்லை என்று வந்தால் அந்த வரியை அடிமட்டம் வைத்து நேராகக் கோடு கீறி வெட்டுவார்.

நவம்பர் முதல் நாள் போலந்துக்காரர் கல்லறைகளுக்குப் போய் விளக்கேற்றுவார்கள். சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுதிரி. நான் கூடப் போய் அவருக்குக் கை கொடுப்பேன். அவர் தகப்பனின் கல்லுக்கு இரண்டு கொண்டுவருவார். ஒன்று அப்பாவுக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டேன்.

"அப்பாவின் சிநேகிதன் ஒருவருக்கு. யுத்தத்தில் செத்திருக்கவேண்டும். அவருடைய செபப்புத்தகத்தை அப்பா சாகும்வரை வைத்திருந்தார். அந்த மனிதருக்கு யாரும் இல்லைபோல. யாரும் இல்லாதவருக்கு நாங்கள்தானே ஏற்றவேண்டும்." குனிந்து, தன் தகப்பனைவிட அந்தச் சிநேகிதனுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரம் செபித்தார்.

அடுத்த வசந்தத்தில் அவருடைய லாச்சி ஒன்று இறுகிப்போய்த் திறக்கவில்லை. நான் உளி கொண்டு போனேன். திறந்தபோது மேலேயே அந்தச் செபப்புத்தகம் கிடந்தது, உள்ளங்கை அளவு. முதல் பக்கத்தில் மையால் ஒரு பெயர். எனக்குப் போலந்து எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாததால் உருவத்தைத்தான் பார்த்தேன். முதல் எழுத்தின் வால் கீழே இறங்கி, பின்னால் சுருண்டு, மீன்தூண்டில் மாதிரி மேலே வந்திருந்தது. அதே தூண்டிலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதே லாச்சியில் அவருடைய தகப்பனின் சுரங்க வேலைத் தாள் இருந்தது. அவர் எனக்கு எத்தனையோ தரம் காட்டியது. கையெழுத்தில் அதே தூண்டில். பெயர் வேறு, கை ஒன்று.

சிநேகிதன் என்று ஒருவர் இல்லை. நான் உளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கல்லறையில் எரிந்த இரண்டு மெழுகுதிரியும் ஒரு ஆளுக்குத்தான்.

"திறந்துவிட்டதா?" என்று அவர் அடுப்படியிலிருந்து கேட்டார்.

"ஓம்... உய், மடாம். திறந்திட்டுது."

லாச்சியை மூடினேன். யோசித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். நான் யோசிக்கத் தொடங்கினால் எதுவும் நடக்காது என்பது என் மனைவிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெயரை மாற்றினார் என்றால் ஏன் மாற்றினார் என்று கேட்பார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனவன்தான் பெயரை மாற்றுவான். அப்படியென்றால் ஊன்றுகோல்காரர் கேட்ட தொப்பியும் உண்மை. அதை இந்த மனிசியிடம் நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் நெஞ்சு வெடித்து விழுந்துவிடுவாரோ, நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடுமோ என்றெல்லாம் ஓடியது.

பிறகு ஜனவரியில் ஒரு பிற்பகல். படிக்கு உப்புத் தூவிவிட்டுத் தபாலோடு மேலே போனேன். மூன்றாவது பதில். இல்லை. அவர் அயன்பெட்டி சூடாகும்வரை காத்திருந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவருடைய தோள் தொங்கிப்போயிருந்ததைக் கண்டேன். பட்டியலில் புதிதாக ஒரு நான்காம் வரி எழுதியிருந்தார்.

"கோயிலில் ஒருத்தி சொன்னாள், சில பேர் படையில் வேறு பெயரில் இருந்தார்களாம்." என் முகத்தைப் பார்த்தார். "நீ யுத்தத்திலிருந்து வந்தவன். இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். சொல், மிஸ்யூ. அங்கே போகிறவர்கள் பெயரை மாற்றுவார்களா?"

கீழே எங்கள் குளிர்ப்பெட்டியின் மேல் ஒரு மண்ணிற உறை இருந்தது. எனக்குக் குடியுரிமைச் சோதனைக்கு நாள் குறித்து வந்த உறை. ஏழு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஓம் என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பார். தம்பி என்று சொல்லவேண்டி வரும். சகோதரம் ஒருவரும் இல்லை என்று எழுதியவனுக்குத் தம்பி எங்கிருந்து வந்தான்? அவர் யாருக்கும் சொல்லமாட்டார். அது அன்றைக்கே தெரியும். ஆனால் பயத்துக்கு அது தெரியாது.

"இல்லை, மடாம். எங்கட பக்கம் அப்படி இல்லை."

அவர் தலையாட்டினார். "நானும் அதைத்தான் நினைத்தேன். தகப்பன் வைத்த பெயரை எவன் விடுவான்?" அடிமட்டத்தை எடுத்து நான்காம் வரியை நேராக வெட்டினார். பக்கத்தில் சிறிதாக ஏதோ எழுதினார். நான் பார்க்கவில்லை. இறங்கும்போது உப்புத் தூவிய படியிலேயே எனக்கு வழுக்கியது.

சோதனை எழுதினேன். உறுதிமொழி எடுத்தேன். கொடியோடு படமும் எடுத்துக்கொண்டோம். அன்று, விசயமெல்லாம் தெரிந்த மனைவி கேட்டாள்: "இனி என்ன பயம்? மேல போய்ச் சொல்லிப்போட்டு வாங்களன்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல எண்டு கேட்டா?"

"கேட்டா, பயந்திட்டன் எண்டு சொல்லுங்க. அது அவக்குத் தெரியாத விசயமா? தண்ணிக் குழாய்க் காயிதத்துக்கே நடுங்கின ஆள் நீங்க."

இரண்டு தரம் ஏறினேன். ஒரு தரம் பிட்டுக் கொண்டுபோனேன், அவர் அதைக் கரண்டியால் கிளறி, "இது சாப்பிடவா, படிக்குத் தூவவா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். மற்றத் தரம் அவர் புதிய விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார், பிறந்த திகதியை ஒரு நாள் முன்னே தள்ளி. குழப்பக் கூடாது என்று கதவிலேயே நின்று திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பனிக்காலம். நவம்பர் வரும், இரண்டு மெழுகுதிரி ஏற்றுவார், நான் கை கொடுப்பேன். இல்லாத சிநேகிதனுக்காக அவர் செபிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது மார்ச்சில் அவருக்கு நெஞ்சு வருத்தம். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். கை மெலிந்து போயிருந்தது. "தபால் வந்ததா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை, மடாம்."

"வரும். எங்கேயோ..." என்று தொடங்கியவருக்கு இருமல் வந்துவிட்டது. தாதி என்னை வெளியே நிற்கச் சொன்னாள். நாளைக்கு வந்து கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று மெட்ரோவில் வரும்போது பிரெஞ்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது.

வீட்டைக் காலி செய்ய அவருடைய தம்பியின் மகள் ஒட்டாவாவிலிருந்து வந்தாள். நல்ல பிள்ளை, ஆனால் அவசரம். லாச்சி லாச்சியாக, கழிவுத்தாள் போடும் நீலப் பெட்டிக்குள் கொட்டினாள். நான் படியில் நின்று பார்த்தேன். மின்சாரக் கட்டணமெல்லாம் சுருக்கமே இல்லாமல் சரசரவென்று விழுந்தது. அப்போது அவள் குளிர்ப்பெட்டியிலிருந்து பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது என்ன? நாலாம் இடத்தில் 'வேறு பெயர்' என்று எழுதி வெட்டியிருக்கிறார். பக்கத்தில் எழுதியிருக்கிறது: 'இல்லை. கீழ்வீட்டு மிஸ்யூ சொன்னார்.'" நிமிர்ந்தாள். "அது நீங்களா?"

எழுத்துச் சிறியது, சுத்தமானது. என் ஆயுளில் என் பேச்சை ஆதாரமாக எடுத்து எழுதி வைத்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாரும் தாள்தான் கேட்டார்கள்.

செபப்புத்தகத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். இரண்டு தூண்டிலையும் பக்கத்தில் வைத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். மடாமின் தகப்பனுக்குப் பேத்தி என்பதால் அவள் கையெழுத்துப் போதும். இரண்டு பெயரையும் எழுதி அனுப்பினாள். வேறு பெயரை மட்டும்தான் சொன்னேன். நான் ஏன் இல்லை என்றேன் என்பதை அப்போதும் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் வீட்டு விற்பனை விஷயமாக அவள் வந்தாள். எங்கள் குசினி மேசையில் இருந்தாள். மனைவி தேத்தண்ணி வைத்தாள். அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு தாளை எடுத்து விரித்தாள்.

"கிடைத்துவிட்டார்" என்றாள். "செபப்புத்தகத்துப் பெயரில்தான் இருக்கிறார். முதலில் ஜெர்மன் படை. அவர்களுடைய ஊரை ஜெர்மன்காரர் பிடித்துக்கொண்டு ஆட்களை வலுக்கட்டாயமாகச் சேர்த்திருக்கிறார்கள். இத்தாலியில் பிடிபட்டு, அங்கேயே போலந்துப் படைக்கு மாறி, முடியும்வரை சண்டை பிடித்திருக்கிறார். காயமும் பட்டிருக்கிறது. அத்தையின் சுவருக்கு இது போதும். நான் அங்கெல்லாம் போகப்போவதில்லை. படத்தை நீங்கள் கொண்டுபோங்கள்."

பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ஆனால் அத்தை இதைப் பார்க்காமல் போனதே நல்லது. கடைசியில் ஒரு வரி இருக்கிறது. நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஊரில் மனைவி இருக்கிறாள், நாலு வயதில் மகள் இருக்கிறாள். ஒருவரும் இல்லையாம்."

மடிப்பு சரியாக அந்த வரிக்கு மேலால் போயிருந்தது. எனக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை எந்த மொழியிலும் அடையாளம் காண்பேன்.

அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிய வரி இது. தனியாக வாசித்திருந்தால் உடைந்துபோயிருப்பார். அதை வாசித்துச் சொல்லத் தெரிந்த ஒரு ஆளாக நான் அவருடைய காலுக்குக் கீழேயே, பதினெட்டுப் படிக்கு அடியில் இருந்தேன்.

"அப்பிடி இல்லை" என்றேன். "அவங்கட ஊர் அப்பவும் ஜெர்மன்காரன்ட கையில. இவர் மாறின விசயம் தெரிஞ்சா வீட்டுச் சனத்தைத்தான் பிடிப்பான். அதுதான் வேற பெயர். அதுதான் ஒருத்தரும் இல்லை. இருந்தபடியால்தான் இல்லை எண்டு எழுதினவர். அவங்களை நினைச்சுக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்."

தமிழும் பிரெஞ்சும் கலந்துவிட்டது. திரும்பப் பிரெஞ்சில் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் குழாய்த் தண்ணீரின் சத்தம் நின்றது. மனைவி திருகி மூடிவிட்டாள்.

"எனக்கு ஒரு தம்பி" என்றேன். "நானும் அப்பிடித்தான் எழுதினன்."

அவள் தாளைத் திருப்பி மடிக்கப் போனாள். நான் கையை நீட்டி வாங்கினேன். மனைவி அயன்பெட்டியைக் கொண்டுவந்து செருகினாள். மேசையில் துணியை விரித்து, தாளைக் கிடத்தி, மேலே இன்னொரு துணி போட்டு, அந்த வரியின் மேல் மெல்ல அழுத்தினேன். எடுத்தபோது தாள் சூடாக இருந்தது. மேலே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று ஒரு கணம் எழுந்தே விட்டேன்.